விழுந்தது, வீழ்த்தியது

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



துறைத் தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது ‘சர்வதேசச் செய்தியாளர்’ என்றார். அதை இப்போதே திருத்திவிடுகிறேன். என் பாஸ்போர்ட்டில் இரண்டு நாட்டு முத்திரைகள்தான் இருக்கின்றன. இரண்டும் ஓய்வு பெற்ற பிறகு மகள் வீட்டுக்குப் போய்வந்ததில் விழுந்தவை. சுமார் முப்பது வருடம் நான் பார்த்த வேலை, வெளிநாட்டில் நடந்ததைத் தமிழில் எழுதுவது. ஆங்கிலத்தில் வந்த தாளை இடது பக்கம் வைத்துக்கொண்டு, வலது பக்கம் நியூஸ்பிரிண்ட் துண்டில் எழுதித் தள்ளுவது. பெய்ரூட்டும் கம்பாலாவும் எனக்கு மேசைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்த ஒரு டியூப்லைட்டின் வெளிச்சத்தில்தான் தெரியும்.

‘பல நாட்டு ஊடகங்களும் வெளிநாட்டு விவகாரங்களும்’ என்று தலைப்புக் கொடுத்தீர்கள். அவ்வளவு பெரிய தலைப்பைச் சுமக்க என்னால் ஆகாது. சில விமானங்களைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். பயணிகள் விமானத்தை ராணுவம் சுட்டால் அதை எந்த நாட்டுப் பத்திரிகை எந்த வினைச்சொல்லில் எழுதுகிறது என்பதுதான் விஷயம். இந்த அற்ப விஷயத்துக்குள் மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

1983 செப்டம்பர் 1, வியாழக்கிழமை. நான் மதுரையில் ஒரு மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாலைப் பத்திரிகையில் பன்னிரண்டு மணிக்குள் ஃபாரத்தை முடுக்கி மெஷினில் ஏற்றியாக வேண்டும். அன்று காலை டெலிபிரிண்டரில் வந்தது இது: நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாகச் சோலுக்குப் போய்க்கொண்டிருந்த கொரிய விமானம் ஒன்றைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்த துண்டு: விமானத்தைச் சோவியத் நாட்டின் சகாலின் தீவில் இறக்கிவிட்டார்கள், பயணிகள் எல்லோரும் பத்திரம். கொரிய அரசு வட்டாரமே சொன்ன செய்தி. நான் தலைப்புப் போட்டேன்: ‘ரஷ்யத் தீவில் இறங்கியது கொரிய விமானம் – 269 பேரும் பத்திரம்’. அது போஸ்டருக்கும் போனது. மூன்று மணிக்குப் பெரியார் பஸ் நிலையத்துப் பெட்டிக்கடைகளில் என் எழுத்து தொங்குவதைப் பார்ப்பதற்காகவே டீ குடிக்கப் போனேன். வயது அப்படி.

அன்றிரவு நம் நேரம் எட்டேகால் மணிக்கு அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ் வாஷிங்டனில் செய்தியாளர்கள் முன் வந்து நின்றார். சோவியத் போர் விமானம் ஏவுகணை வீசியிருக்கிறது, 269 பேரும் இறந்துவிட்டார்கள் என்றார். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் அவர்களைப் பத்திரமாகத் தரையிறக்கியபோது அவர்கள் இறந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் செய்தி ஆசிரியரிடம் திருத்தம் போடலாமா என்று கேட்டேன். “நேத்துப் பேப்பரை இன்னைக்கு யாருப்பா வச்சிருக்கா?” என்றார்.

ஒருவர் வைத்திருந்தார். அவர்தான் இந்த அறக்கட்டளையை நிறுவியவர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சிற்றலை வானொலிப் பைத்தியம். லண்டன் தமிழோசை, மாஸ்கோ வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, மணிலாவிலிருந்து வெரித்தாஸ், பீக்கிங் வானொலி என்று ஒன்று விடாமல் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறார். உலகத்தின் சண்டைகளை நான்கு தலைநகரங்களின் தமிழில் கேட்கிற வசதி அன்று திருமங்கலத்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்கு இருந்தது. இதை இன்றைய மாணவர்கள் நம்புவது கடினம். இந்தச் சொற்பொழிவுக்கு ஒப்புக்கொண்டபோது அவர் மகன் அந்த நோட்டுகளில் ஏழெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நீள நோட்டு, பக்கத்துக்கு ஐந்து கட்டம், கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு ‘நம்மூர்’.

1983 செப்டம்பர் முதல் வாரப் பக்கத்தைத் திறந்தேன். லண்டன் கட்டத்தில் ‘சுட்டது’ என்று இருக்கிறது. மாஸ்கோ கட்டத்தில், எல்லை மீறி வந்த அடையாளம் தெரியாத விமானம் எச்சரிக்கைக்குப் பிறகு ஜப்பான் கடல் பக்கம் போய்விட்டது என்று இருக்கிறது. சோவியத் செய்தி நிறுவனமான டாஸ் அன்று உலகத்துக்குச் சொன்னதும் அதுவேதான். ‘நம்மூர்’ கட்டத்தில் சிவப்பு மையில்: ‘பத்திரம் (மாலை). திருத்தம் இல்லை.’ ஒரு விமானம் சுடப்பட்டது, ஒன்று பறந்து போய்விட்டது, ஒன்று இறங்கிவிட்டது. மூன்றும் ஒரே விமானம். மூன்றாவது என்னுடையது.

இனி அந்த வினைச்சொல்லுக்கு வருகிறேன். ‘விழுந்தது’ தன்வினை, ‘வீழ்த்தியது’ பிறவினை. பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம்தான். விழுந்தது என்றால் விமானம் தானாக விழுந்தது. வீழ்த்தியது என்றால் எழுவாயின் இடத்தில் ஓர் ஆள் வந்து நின்றே ஆக வேண்டும்: எவன் வீழ்த்தினான்? இந்த இரண்டுக்கும் நடுவில் ‘வீழ்த்தப்பட்டது’ என்று ஒன்று இருக்கிறது. செயப்பாட்டு வினை. செயல் நடந்திருக்கும், ஆள் இருக்கமாட்டான். நம் பேச்சில் இது அபூர்வம். தெருவில் யாரும் ‘என் சைக்கிள் திருடப்பட்டது’ என்று சொல்வதில்லை. ‘எவனோ திருடிட்டான்’ என்பார்கள். பத்திரிகைத் தமிழில் இது இவ்வளவு மண்டியதற்கு எங்களைப் போன்ற மேசைக்காரர்கள்தான் காரணம் என்று எனக்குச் சந்தேகம். ஆங்கிலத் தாளில் ஆள் இல்லாமல் வந்ததை நாங்களும் ஆள் இல்லாமலே இறக்குமதி செய்தோம்.

கொரிய விமானத்துக்கு அமெரிக்காவில் ஆள் இருந்தான். அதிபர் ரீகன் அதைப் படுகொலை என்றார். ‘நியூஸ்வீக்’ அட்டையில் ‘வானில் கொலை’ என்று போட்டது. செப்டம்பர் 6ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் அமெரிக்கத் தூதர் ஜீன் கிர்க்பாட்ரிக், சோவியத் விமானி தரையோடு பேசிய பேச்சின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். ஜப்பானின் ஒட்டுக்கேட்பு நிலையத்தில் பிடித்த பதிவு அது. மன்றத்தில் திரை வைத்து, ரஷ்ய மொழிப் பேச்சும் ஆங்கிலப் பெயர்ப்பும் ஓட, உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் காட்டின. சோவியத் அரசும் அன்றுதான் தன் போர் விமானம் கொரிய விமானத்தின் பறத்தலை நிறுத்தியது என்கிற மாதிரி ஒரு வாசகத்தில் ஒப்புக்கொண்டது. பறத்தலை நிறுத்தியதாம். வீழ்த்தியது என்ற சொல்லைத் தொடாமல் வீழ்த்தியதைச் சொல்ல எத்தனை பேர் எத்தனை நேரம் உட்கார்ந்து யோசித்தார்களோ! அந்தத் தொழில்திறனை மட்டும் நான் மெச்சுகிறேன்.

இதுவரை கதை சுலபம்; ஒரு பக்கம் பொய், ஒரு பக்கம் மெய். ஆனால் செப்டம்பர் 11ஆம் தேதி அமெரிக்க வெளியுறவுத் துறை அந்த ஒலிப்பதிவின் திருத்திய பெயர்ப்பை வெளியிட்டது. ஏவுகணைக்கு முன்னால் விமானி பீரங்கியால் சுட்டதாகச் சொன்ன வரிகள் அதில் இருந்தன. முதலில் காட்டியதில் இல்லை. ஐ.நா.வில் ஓடிய வீடியோவைத் தயாரித்தவர் ஆல்வின் ஸ்னைடர், அமெரிக்கத் தகவல் நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பிரிவுத் தலைவர். தன் கைக்கு வந்தது முழுப் பதிவு அல்ல என்று அவரே பிற்காலத்தில் எழுதினார். அந்த விமானி கென்னாதி ஒசிபோவிச் சொன்னது இன்னும் விசித்திரம்: சுட்டேன், ஆனால் துப்பாக்கியில் இருந்தவை ஒளிவிடும் குண்டுகள் அல்ல, இரவில் யார் கண்ணிலும் பட்டிருக்காது. அவரைத் தேடிப் பிடித்துப் பேசவைத்தது ரஷ்யாவின் ‘இஸ்வெஸ்தியா’. 1990–91இல் அது வெளியிட்ட தொடர் கட்டுரைகள், அதே பத்திரிகை 1983இல் எழுதியதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டன. கறுப்புப் பெட்டியின் ஒலிநாடாக்கள் 1993இல்தான் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் கைக்கு வந்தன. விமானம் பாதை தவறியதற்குக் காரணம் உளவு அல்ல, தானியங்கி விமானி தவறான நிலையில் விடப்பட்டிருந்ததுதான் என்று அந்த அமைப்பின் அறிக்கை சொன்னது.

இஸ்வெஸ்தியா தொடரை நம் தமிழ்ப் பத்திரிகைகளில் எத்தனை பேர் வெளியிட்டோம் என்று கேட்காதீர்கள். நான் வெளியிடவில்லை. ஏழு வருடப் பழைய விமானம். அந்தப் பக்கத்தில் சதாம் உசேன் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது நாள் 1988 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. இப்போது நான் ஒரு காலைப் பத்திரிகையில் இரவு ஷிஃப்ட். ஞாயிறு என்றால் டெஸ்கில் ஆள் கம்மி. நானும் புரூஃப் பார்க்கிற ஒரு அண்ணனும்தான். சாயங்காலம் உள்ளே நுழையும்போதே டெலிபிரிண்டர் பெட்டிக்குக் கீழே தாள் மடிந்து மடிந்து குவிந்து கிடந்தது. மேலிருந்து கீழாக வாசித்தேன். டெஹ்ரான்: அமெரிக்கர்கள் எங்கள் பயணிகள் விமானத்தைச் சுட்டுவிட்டார்கள். வாஷிங்டன்: வளைகுடாவில் எங்கள் போர்க்கப்பல் ஈரானின் எஃப்-14 போர் விமானம் ஒன்றை வீழ்த்தியது. இரண்டு துண்டுக்கும் நடுவில் சில அங்குல வெள்ளைத் தாள். அண்ணன் எட்டிப் பார்த்தார். “இது ரெண்டு விமானமா தம்பி, ஒண்ணா?” என்றார். ஐந்து வருடத்துக்கு முந்தைய போஸ்டர் ஞாபகத்துக்கு வந்தது. கையை வைக்காமல் காத்திருந்தேன்.

இரவு பதினோரு மணிக்கு மேல் வந்தது. அமெரிக்க முப்படைத் தலைவர் அட்மிரல் வில்லியம் க்ரோ ஒப்புக்கொண்டார்: வின்சென்ஸ் என்ற கப்பல் சுட்டது ஈரான் ஏர் நிறுவனத்தின் ஏர்பஸ் விமானத்தை. பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குப் போன விமானம், 290 பேர். ஒப்புக்கொண்ட கையோடு காரணங்களையும் அடுக்கினார். விமானம் தன் பாதையில் இல்லை. உயரம் குறைந்து கப்பலை நோக்கிப் பாய்ந்தது. எச்சரிக்கைக்குப் பதில் இல்லை. அவ்வளவையும் நான் தமிழில் எழுதினேன். ‘பாய்ந்தது’ என்பது என் கைச்சரக்கு. ஆங்கிலத்தில் இறங்கியது என்றுதான் இருந்தது. நள்ளிரவில் வேகமாக எழுதும்போது கை தானாகப் பக்கம் எடுக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சொந்த விசாரணை அறிக்கையே வந்தது. விமானம் தன் பாதையில்தான் இருந்தது, இறங்கவில்லை, ஏறிக்கொண்டிருந்தது, பயணிகள் விமானத்துக்கான அடையாளக் குறியைத்தான் ஒலிபரப்பியது. க்ரோ சொன்ன முதல் நாள் விவரங்களில் முக்கியமானவை எல்லாம் தவறு. எங்கள் பத்திரிகையில் அது உள்பக்கத்தில், ஒரு சமையல் எண்ணெய் விளம்பரத்துக்கு மேலே, நான்கு வரி.

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் என்ட்மன் 1991இல் இந்த இரண்டு விமானங்களைப் பற்றிய அமெரிக்கச் செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்து ஒரு கட்டுரை எழுதினார். ஊடகம் படிக்கும் மாணவர்களுக்கு அது பாடமாகவே இருக்கும். கொரிய விமானத்துக்குப் பக்கம் அதிகம், ஈரான் விமானத்துக்குக் குறைவு என்பது எதிர்பார்த்ததுதான். எனக்கு உறைத்தது வேறு. முதலாவதில் கேள்வி ‘யார், எப்படித் துணிந்தார்கள்’ என்று ஓடுகிறது. இரண்டாவதில் ‘என்ன கோளாறு’ என்று ஓடுகிறது. 1988இன் நியூஸ்வீக் அட்டை ‘ஏன் நடந்தது’ என்று கேட்டது. உள்ளே ராடார், கணினித் திரை, ஏஜிஸ் என்கிற நவீனப் போர்க்கருவியின் படங்கள். சோவியத் சுட்டால் எழுவாய் மனிதன்; அமெரிக்கா சுட்டால் எழுவாய் இயந்திரம். எழுதியவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் மெய்யாக இருந்துகொண்டே மொத்தமும் ஒரு பக்கம் சாய முடியும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு என் பணிக்காலத்தில் பாதி தேவைப்பட்டது.

ஈரானில் சந்தேகத்துக்கே இடமில்லை: வேண்டுமென்றே செய்த கொலை. ஒரு மாதத்துக்கு மேல் ஆனதும் அஞ்சல்தலையே வெளியிட்டார்கள், கப்பல் சுட, விமானம் எரிகிற படத்தோடு. அந்த விமானத்தில் பத்து இந்தியர்கள் இருந்தார்கள். நம் பத்திரிகைகள் அந்தப் பத்துப் பேரின் பக்கம் போய் நின்றன. அது இயல்புதான். ஜப்பானியச் செய்தியில் எந்த வெளிநாட்டு விபத்துக்கும் முதல் கேள்வி அதில் ஜப்பானியர் உண்டா என்பது; நமக்கு இந்தியர் உண்டா, பிறகு தமிழர் உண்டா. ஆனால் 290 பேரில் 254 பேர் ஈரானியர்கள் என்பது பத்துப் பேரின் நிழலில் மறைந்துபோனது.

அமெரிக்கப் பத்திரிகைகளைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். வின்சென்ஸ் அப்போது ஈரானின் கடல் எல்லைக்குள் நின்றிருந்தது என்பதை 1992இல் அம்பலப்படுத்தியது வேறு யாருமல்ல, அதே நியூஸ்வீக்கும் ஏபிசி தொலைக்காட்சியும்தான். மாஸ்கோவுக்கு இஸ்வெஸ்தியா ஏழு வருடம் எடுத்துக்கொண்டது, நியூஸ்வீக் நான்கு. உண்மை கடைசியில் அந்தந்த ஊர்ப் பத்திரிகையில்தான் வருகிறது. அது வரும் நேரத்தில் மற்ற ஊர்ப் பத்திரிகைகள் வாசிப்பதை நிறுத்தியிருக்கும். முதல் நாள் செய்தி நூறு நாட்டுக்குப் போகும்; திருத்தம் ஒரே நாட்டுக்குள் சுற்றும்.

அப்படிப் போகிற குழாயை யார் பதித்தார்கள் என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். பாரிஸில் ஹாவாஸ், பெர்லினில் உல்ஃப், லண்டனில் ராய்ட்டர். இந்த மூன்று செய்தி நிறுவனங்களும் 1870இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு உலகத்தைப் பாகம் பிரித்துக்கொண்டன. தென் அமெரிக்கா ஹாவாஸுக்கு, வட ஐரோப்பா உல்ஃபுக்கு, பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் ராய்ட்டருக்கு. அண்ணன் தம்பி வயல் பிரிப்பது போலத்தான், வயலைக் கேட்கவில்லை. இதில் சுவாரசியமான புகார் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவிலிருந்து. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தை நடத்திய கென்ட் கூப்பர், ராய்ட்டர் உலகத்துக்கு எங்களைக் காட்டுகிற லட்சணத்தைப் பாருங்கள் என்று புலம்பினார். செவ்விந்தியர் சண்டை, தெற்கே கறுப்பர்களை அடித்துக் கொல்வது, விநோதக் குற்றங்கள், இவைதான் அமெரிக்கா என்று லண்டன் எழுதுகிறதாம். 1934இல் அந்தக் கூட்டை உடைத்து வெளியே வந்தார்கள். நாற்பது வருடம் கழித்து அணிசேரா நாடுகள் இதே புகாரை, கிட்டத்தட்ட இதே சொற்களில், அமெரிக்க நிறுவனங்கள் மேல் சொன்னபோது அமெரிக்கர்களுக்குக் கோபம் வந்தது. இதை ஆராய யுனெஸ்கோ அமைத்த மக்பிரைட் குழு 1980இல் அறிக்கை கொடுத்தது, நம் பி.ஜி. வர்கீஸும் கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸும் அதில் உறுப்பினர்கள். 1984 முடிவில் அமெரிக்கா யுனெஸ்கோவை விட்டே வெளியேறியது. அடுத்த வருடம் பிரிட்டன்.

நம் பிடிஐ செய்தி நிறுவனம் 1947 ஆகஸ்டில், சுதந்திரம் வந்து இரண்டு வாரத்துக்குள், பதிவானது இந்தச் சென்னையில்தான். ராய்ட்டரின் இந்தியக் கிளையிடமிருந்து வேலையை அது எடுத்துக்கொண்டது 1949 பிப்ரவரியில். ஆனால் வெளிநாட்டுச் செய்திக்கு லண்டன் பக்கம் பார்த்த கழுத்து அப்படியே இருந்தது. நான் வேலை பார்த்த காலம் முழுக்க, இலங்கையைத் தவிர வேறெந்த அயல்நாட்டைப் பற்றியும் ஓர் இந்தியர் எழுதிய செய்தி என் மேசைக்கு வந்தது கொஞ்சம்தான்.

இன்னொரு சொல்லைச் சொல்லி மேலே போகிறேன். ‘நம்’. 1982இல் பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் ஃபாக்லாந்து தீவுகளுக்காகச் சண்டை. அர்ஜென்டினாவில் அதே தீவுகளுக்கு மால்வினாஸ் என்று பெயர்; எந்தப் பெயரைச் சொல்கிறீர்கள் என்பதிலேயே நீங்கள் எந்தக் கட்சி என்பது தெரிந்துவிடும். பிபிசி செய்தியில் ‘நம் படைகள்’ என்று சொல்லாமல் ‘பிரிட்டிஷ் படைகள்’ என்று சொன்னார்கள். பிரதமர் தாட்சருக்கும் அவர் கட்சிக்காரர்களுக்கும் ஆத்திரம். துரோகம் என்கிற அளவுக்குப் பேச்சு போனது. அதே நாட்டில் ‘சன்’ பத்திரிகை, ஜெனரல் பெல்கிரானோ கப்பலைப் பிரிட்டிஷ் நீர்மூழ்கி தாக்கியதும் கோலிக்குண்டு ஆட்டத்தில் ஜெயித்த பையன் கூச்சல் போடுகிற மாதிரி ஒற்றை வார்த்தையில் தலைப்புப் போட்டது. சாவு எவ்வளவு என்று தெரிய ஆரம்பித்ததும் பின் பதிப்புகளில் தலைப்பை மாற்றினார்கள். 323 பேர். புவெனஸ் அயர்ஸில் ‘ஹெந்தே’ வார இதழ் அந்த மே மாதத்தில் ‘ஜெயித்துக்கொண்டிருக்கிறோம்’ என்று அட்டை போட்டது. ஜூன் 14ஆம் தேதி அர்ஜென்டினப் படை சரணடைந்தது.

ஆங்கிலத்தில் ‘எங்கள்’, ‘நம்’ இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் ‘எங்கள்’ என்று சொன்னால் கேட்கிறவர் வெளியே. ‘நம்’ என்று சொன்னால் அவரையும் உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்துகிறோம். கார்கில் சமயத்தில் நான் ‘நம் வீரர்கள்’ என்றுதான் எழுதினேன். மூன்று மாதம், தினமும். வேறு மாதிரி எழுதத் தோன்றவே இல்லை. பிபிசிக்காரர்கள் செய்ததைச் செய்ய எனக்குத் தைரியம் இருந்திருக்குமா என்று கேட்டால், இருந்திருக்காது.

சரி, விமானங்களுக்கே திரும்புவோம்.

2014 ஜூலை 17. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் போன மலேசிய விமானம் எம்ஹெச்17 கிழக்கு உக்ரைன் வானில் சுடப்பட்டது. 298 பேர்; ஆகப் பெரும்பான்மை நெதர்லாந்துக்காரர்கள். நான் அப்போது ஓய்வு பெற்று வீட்டில். மூன்று நாட்டு இணையதளங்களை அடுத்தடுத்துத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன்; நோட்டுப் போடாத தலைமையாசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரஷ்ய அரசுத் தொலைக்காட்சிகளில் ஒரு நாள் உக்ரைன் போர் விமானம், இன்னொரு நாள் உக்ரைன் ஏவுகணை. நவம்பரில் சேனல் ஒன் ஒரு செயற்கைக்கோள் படத்தைக் காட்டியது, போர் விமானம் சுடுகிற மாதிரி. சில மணி நேரத்தில் இணையத்தில் இருந்தவர்களே அது ஒட்டுப்போட்ட படம் என்று காட்டிவிட்டார்கள். ரஷ்ய அரசின் ‘ஆர்டி’ தொலைக்காட்சியின் லண்டன் செய்தியாளர் ஒருவர் முதல் வாரத்திலேயே வேலையை விட்டார்.

ஜூலை 25ஆம் தேதி மாஸ்கோவின் ‘நோவயா கஸெத்தா’ முதல் பக்கத்தைப் பாருங்கள். நெதர்லாந்தில் நடந்த இறுதி ஊர்வலத்தின் படம், நெடுஞ்சாலையில் வரிசையாகப் போகும் சவ வண்டிகள். மேலே பெரிய எழுத்தில் ‘எங்களை மன்னித்துவிடு, நெதர்லாந்தே’. அதை ரஷ்ய மொழியில் மட்டும் போடவில்லை. டச்சு மொழியிலும் போட்டிருந்தார்கள். மாஸ்கோ பெட்டிக்கடையில் டச்சு வாசிக்கிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்? வெளிநாட்டுச் செய்தியை வெளிநாட்டுக்காரன் வாசிப்பதற்காக ஒரு பத்திரிகை எழுதியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதன் ஆசிரியர் திமித்ரி முராத்தவ் 2021இல் அமைதிக்கான நொபேல் பெற்றார். 2022 மார்ச்சில் பத்திரிகை தன் வெளியீட்டை நிறுத்த வேண்டிவந்தது.

டெஹ்ரானில் வேறு விதம். ஒவ்வொரு ஜூலை 3ஆம் தேதியும் பந்தர் அப்பாஸ் கடலில் படகில் போய்ப் பூத்தூவுவதை அரசுத் தொலைக்காட்சி காட்டும். 2020 ஜனவரி 8ஆம் தேதி டெஹ்ரான் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானம் சில நிமிடத்தில் எரிந்து விழுந்தது, 176 பேர். விழுந்தது என்றுதான் சொன்னார்கள். இயந்திரக் கோளாறு, ஏவுகணை என்று சொல்வது எதிரிகளின் உளவியல் போர். மூன்று நாள். 11ஆம் தேதி காலை ராணுவமே ஒப்புக்கொண்டது: எங்கள் ஏவுகணைதான், மனிதத் தவறு. முப்பத்திரண்டு வருடம் முன்பு வாஷிங்டன் சொன்ன காரணமும் கிட்டத்தட்ட அதுதான், அன்று டெஹ்ரான் அதை நம்பவில்லை. அந்த வாரம் அரசுத் தொலைக்காட்சியில் செய்தி வாசித்த பெண்கள் சிலர் விலகினார்கள். ஏற்கெனவே விலகியிருந்த இன்னொருவர், பதின்மூன்று வருடம் உங்களிடம் பொய் சொன்னதற்கு மன்னியுங்கள் என்று இன்ஸ்டகிராமில் எழுதினார். இந்தத் தொழிலில் இருந்த எவனுக்கும் அந்த வரியைத் தாண்டி உடனே அடுத்த பக்கம் போக முடியாது.

2024 கிறிஸ்துமஸ் அன்று அஜர்பைஜான் விமானம் கஜகஸ்தானின் அக்தாவ் அருகே விழுந்து 38 பேர் இறந்தபோது ரஷ்யத் தரப்பின் முதல் சொல் ‘பறவை’. மூன்றே நாளில் புதின் அஜர்பைஜான் அதிபரைத் தொலைபேசியில் அழைத்து, தங்கள் வான்வெளியில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். சுட்டது யார் என்பது அந்த மன்னிப்பிலும் இல்லை. ஏழு வருடம் மூன்று நாளாகச் சுருங்கியது முன்னேற்றம்தானே என்று சிரிக்கலாம். வினைச்சொல் மட்டும் அங்கேயே நின்றது.

கடைசியாக ஒன்று, இது என் மேசைக்கு நேரே வந்தது. 1998 செப்டம்பர் 29. யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய லயன் ஏர் விமானம், அன்டனோவ் ரகம், 55 பேர். பயணிகள் பெரும்பாலும் தமிழர்கள். தரைவழி போரில் அடைபட்டுக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்கும் விசாவுக்கும் விமானத்தில் போனவர்கள். கிளம்பிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொடர்பு அறுந்தது. கொழும்பிலிருந்து சாயங்காலம் துண்டு வந்தது. விடுதலைப் புலிகள் சுட்டிருக்கலாம் என்று அரசுத் தரப்பு சொன்னது. போர்ச் செய்திகளுக்கு இலங்கையில் அப்போது தணிக்கை. வடக்கே போய்ப் பார்த்து எழுத யாரும் இல்லை. அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கம் நம்புவதில்லை, இந்தப் பக்கம் எழுதினால் தெருவில் ஒரு கூட்டம் கொதிக்கும்.

வீழ்த்தியது என்று எழுத ஆள் வேண்டும். வீழ்த்தப்பட்டது என்றால் சுட்டது உறுதியாக வேண்டும். விழுந்தது என்றால் விழுந்த இடம் வேண்டும். நான் ‘யாழ். விமானம் மாயம்’ என்று தலைப்புப் போட்டேன். அது வினைச்சொல்லே அல்ல. எங்கள் தொழிலில் எல்லோரும் போடுகிற சொல்தான். சிறுமி மாயம், நகை மாயம், விமானம் மாயம். பிறகு மற்றச் செய்திகளுக்குப் போனேன். அடுத்த வாரமும் அடுத்த வருடமும் அந்தத் தலைப்பை மாற்ற எனக்குக் காரணம் வரவில்லை.

போர் முடிந்த பிறகு, 2012–13இல், இரணைத்தீவுக்கு அருகே கடலடியிலிருந்து விமானத்தின் பாகங்களை எடுத்தார்கள். கூடவே கொஞ்சம் துணிமணிகளும் கிடைத்தன. 2014 ஜனவரியில் அவற்றை யாழ்ப்பாணத்தில் உறவினர்கள் வந்து பார்ப்பதற்காக வைத்தார்கள். பதினைந்து வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்த சட்டைகளும் சேலைகளும். அதில் தன் வீட்டுத் துணி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்கள்.